மலைக்கட்டம் (மிதிவண்டிப் பந்தயம்)

பல நாள் நீளும் சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் ஒரு நாளுக்குரிய ஓட்டம் கட்டம் எனப்படும். உயர்ந்த கணவாய்களின் வழியே வகுக்கப்படும் கட்டம் மலைக்கட்டமாகும். 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ், 1910இல் பிரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைத் தன் பாதையில் சேர்த்துக்கொண்டது. 1952இல் ஆல்ப்ஸ் மலையிலுள்ள அல்ப் துவெஸில் ஏற்றத்தின் மேலேயே ஒரு கட்டத்தை முடித்தது.

ஏற்றங்களின் எண்ணிக்கையைவிட அவை அமையும் வரிசையே கட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கடைசி இரண்டு ஏற்றங்களுக்கிடையே நீண்ட சமதளப் பள்ளத்தாக்கு குறுக்கிட்டால், தனித்து முந்திச் சென்ற வீரர் எதிர்காற்றில் களைத்துப்போக, ஒருவர்பின் ஒருவராக ஒண்டி ஓட்டிக் காற்றுத்தடையைப் பகிர்ந்துகொள்ளும் குழு அவரை எளிதில் எட்டிப்பிடித்துவிடும். ஆகவே ஓர் இறக்கம் முடிந்த கையோடு அடுத்த ஏற்றம் தொடங்கும் பாதையே துணிந்தவருக்கு நியாயம் செய்யும் பாதை. சாய்வு எங்கே கூடுகிறது என்பதும் முக்கியமே. 13.8 கிலோமீட்டர் தொலைவும் 21 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட அல்ப் துவெஸ் ஏற்றத்தின் சராசரிச் சாய்வு ஏறத்தாழ 8 விழுக்காடு, அதாவது 100 மீட்டர் தொலைவுக்கு 8 மீட்டர் உயர்வு. ஆயினும் அடிவாரத்திலேயே அது 10 விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால் போட்டி அங்கேயே சூடுபிடிக்கிறது.

நீளம் கூடினால் கடுமை கூடும் என்பது பழைய எண்ணம்; 2018இல் பிரனீஸில் 65 கிலோமீட்டர் மட்டுமே கொண்ட கட்டமொன்று மூன்று ஏற்றங்களுடன் நடத்தப்பட்டது. மலை ஏறத் திணறும் விரைவோட்ட வீரர்களும் வெளியேற்றப்படாமல் வந்துசேரும் வகையில் கால வரம்பு வகுக்கப்பட வேண்டும். அணிப் பேருந்துகளும் ஒளிபரப்பு ஊர்திகளும் நிற்க முடிவிடத்தில் பரந்த இடமும் தேவை. எத்துணைக் கவனமாக வகுத்தாலும் மலையின் வானிலை திட்டத்தைக் கலைத்துவிடக்கூடும்: 2019இல் ஆலங்கட்டி மழையாலும் மண்சரிவாலும் ஆல்ப்ஸ் கட்டமொன்று பாதியில் நிறுத்தப்பட்டு, இசெரான் கணவாயின் உச்சியில் பதிவான நேரங்களே கணக்கில் கொள்ளப்பட்டன.