கல்லும் கதையும் உரிமையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதி இருவேறு காலத்துக் குடியேற்றங்களின் சான்றுகளைத் தாங்கி நிற்கின்றது. ஒன்று, தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவைப் பெருங்கற்கால ஈமக்காடு. மற்றொன்று, கத்தோலிக்கச் சமூகத்தால் பெயர்பெற்ற வஹகோட்டைக் கிராமம். ஒரு நிலத்துடன் மக்கள் கொள்ளும் பிணைப்பு எதனால் உண்டாகின்றது என்னும் வினாவிற்கு இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கின் தெளிவு பிறக்கும்.

இப்பன்கட்டுவையில், கற்பலகைகளை நாற்புறமும் நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைக்கப்பட்ட பேழைகள் கூட்டங்கூட்டமாகக் காணப்படுகின்றன. கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இவற்றுள் இறந்தோரின் சாம்பல் கொண்ட தாழிகளும், இரும்பு, செம்புப் பொருள்களும், சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. தென்னிந்தியப் பெருங்கற்பண்பாட்டுடன் இவை நெருங்கிய ஒற்றுமை உடையன. ஆயின் அவற்றை அமைத்தோர் தம் மொழி இன்னதென எழுதிவைத்தாரல்லர்.

கட்டியோர் மறைந்தபின் கற்களுக்குப் பொருள் தந்தவை கதைகளே. தமிழகத்தில் இத்தகைய ஈமச்சின்னங்களைப் பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடமென்றும், குள்ளர் வாழ்ந்த வீடென்றும் மக்கள் வழங்கினர். அயர்லாந்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்குள்ள கல்திட்டைகள், துரத்தப்பட்ட காதலரான தியார்மிட்டும் கிரானியாவும் இரவில் தங்கிய படுக்கைகள் எனப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 3200 அளவில் எழுந்த நியூகிரேஞ்ச் கல்லறை, பண்டைத் தெய்வங்களின் உறைவிடமாகக் கருதப்பட்டது. உதயசூரியன் அதனுள் ஒளிபாய்ச்சும் என்ற வழக்குரையும் நிலவியது. அகழ்வாய்வாளர் ஓகெலி 1967 டிசம்பர் 21ஆம் நாள் உள்ளே காத்திருந்து அவ்வொளியைக் கண்டார். 1999இல் கிளேர் மாவட்டத்தில் தேவதைகள் கூடுமிடமெனக் கருதப்பட்ட முட்செடியொன்றின் பொருட்டு நெடுஞ்சாலைத் திட்டமே மாற்றியமைக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மை சிந்திக்கற்பாலது. நியூகிரேஞ்சைக் கட்டியோரின் மரபுவழி பிற்காலக் குடிப்பெயர்வுகளால் பெரிதும் மாற்றமுற்றதெனத் தொல்மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே இன்றைய ஐரிஷ் மக்கள் அக்கற்களைப் போற்றுவது குருதியுறவு ஒன்றினால் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகக் கதைசொல்லிக் காத்துவந்த உறவினாலுமாகும்.

வஹகோட்டையும் இதனையே உணர்த்துகின்றது. கண்டி அரசின் எல்லைக்குள் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களென இவ்வூரார் மரபு கூறும். 1658இல் போர்த்துக்கேயர் ஆட்சி வீழ்ந்தபின், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கிய காலத்தில், கண்டி இராச்சியம் அச்சமயத்தார்க்குப் புகலிடமாயிற்று. அவர்கள் வழியினர் இன்று சிங்களம் பேசுகின்றனர். புனித அந்தோனியார் ஆலயம் அவர்தம் வாழ்வின் மையமாய் விளங்குகின்றது. கடல்கடந்து வந்தோரின் மரபினர், வழிபாட்டாலும் உழைப்பாலும் இம்மண்ணின் மக்களாயினர்.

இலங்கையில் ஈமச்சின்னங்கள் அகழப்படும்போதெல்லாம் அவை எவ்வினத்தாருடையவை என்ற வினா முன்னெழுகின்றது. ஆய்வுக்கு அவ்வினா வேண்டுவதே. எனினும், ஓரினத்தாரின் தனியுடைமைப் பத்திரமாக அக்கற்களைக் கொள்வோர் வரலாற்றையே சுருக்கிவிடுகின்றனர். இப்பன்கட்டுவைத் தாழிகளில் துயில்வோர், இன்றைய இனப்பெயர்கள் வரையறுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே வாழ்ந்தவர்கள். அவர்களை நினைவில் தாங்கும் கடமை இந்நிலத்தில் வாழும் அனைவர்க்கும் பொதுவானது. உரிமையும் அக்கடமையிலிருந்தே பிறக்கும்.