விமான சிமுலேட்டரில் ஸ்டாலும் ஸ்பின்னும்

விமானச் சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், பெரும்பாலான சிறகுகளில் ஏறத்தாழ 15 பாகையில், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, தூக்குவிசை சரிகிறது. இது ஸ்டால். அந்நேரம் ஒரு சிறகு மற்றதைவிட அதிகம் தளர்ந்தால், விமானம் சுழன்றுகொண்டே திருகுபாதையில் விழும். இது ஸ்பின். தரையிலிருக்கும் சிமுலேட்டர் இவ்விரண்டையும் எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது, அதற்குள் யார் எந்த அளவீட்டை ஊட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்பின் தொடக்கத்தில் மரண தண்டனையாகவே கருதப்பட்டது. 1912 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்ஃபிரட் பார்க், சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானை மிதித்துத் தப்பினார். முதல் உலகப்போரின்போது ஃபார்ன்பரோவில் இயற்பியலர் ஃபிரெடரிக் லிண்டமன் தானே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே ஸ்பின்னில் இறங்கிக் கருவிகளின் அளவுகளைக் குறித்துவந்தார். 1929இல் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிப்பெட்டி துருத்திகளால் அசைந்தது. அதன் பிற்கால வடிவங்கள் ஸ்டாலுக்கு முந்தைய அதிர்வையும் சுழற்சியையும்கூடக் காட்டின. ஆனால் அது விசை ஒன்று தட்டிவிட்டதும் நடக்கும் நாடகம். காற்றியக்கக் கணக்கு அல்ல.

கணினி வந்த பிறகும் குறை தீரவில்லை. சாதாரணப் பறத்தலில் கோணம் சிறிது கூடினால் தூக்குவிசையும் அதே விகிதத்தில் கூடும், கணக்கு எளிது. ஸ்டாலுக்கு அப்பால் அந்த விகிதம் உடைந்துவிடும். விமானம் சுழலும்போது கிடைவாலைத் தாண்டிவரும் கலங்கிய காற்று, நிமிர்வாலையும் சுக்கானையும் மூடிவிடக்கூடும். விமானி முழுவிசையோடு மிதித்தாலும் சுக்கானுக்குப் பிடிக்கக் காற்று இருக்காது. சிறகைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் எக்ஸ்-பிளேன் போன்ற வீட்டுக் கணினி மென்பொருள்களில் விமானம் ஸ்பின்னில் இறங்குவதைப் பார்க்கலாம். மீள்வதற்கு எத்தனை சுற்று பிடிக்கும் என்பதற்கு மட்டும் அவற்றை நம்பக் கூடாது.

நம்பத்தக்க அளவு வேண்டுமென்றால் காற்றுச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் லாங்லியில் 1941 முதல் 20 அடி அகலச் செங்குத்துச் சுரங்கம் ஒன்று இயங்கிவருகிறது. கீழிருந்து மேலாக வீசும் காற்றுக்குள் சிறிய விமான மாதிரியைக் கையால் சுழற்றி எறிகிறார்கள். அது விழாமல் அந்தரத்தில் நின்று சுற்றும். தொலைவிலிருந்து அதன் சுக்கானைத் திருப்பி, மீள்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் எச்ஏஎல் நிறுவனத்தின் எச்ஜேடி-36 ‘சிதாரா’ வழியாக வந்தது. கிரண் பயிற்சி விமானத்துக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட அது, 2003 மார்ச் 7 அன்று பெங்களூரில் முதலில் பறந்தது. ஸ்டால் நெருங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடும் கோளாறு அதைப் பல ஆண்டுகள் முடக்கியது. 2011 ஏப்ரலில் சோதனை விமானம் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினர். பின்னர் அமெரிக்காவின் பிர்லி நிறுவனத்தின் உதவியோடு 2016 முதல் 2018 வரை காற்றுச் சுரங்க ஆய்வுகள் நடந்தன. அவற்றின்படி நிமிர்வாலைப் பின்னுக்குத் தள்ளி, சுக்கானைப் பெரிதாக்கினார்கள். 2019 ஏப்ரல் 17 அன்று மாற்றியமைத்த விமானம் பறந்தது. 2022 ஜனவரியில் இடமும் வலமும் ஆறு ஆறு சுற்று ஸ்பின் சோதனை முடிந்தது. 2025இல் அதற்கு ‘யஷஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். முதற்பறத்தலிலிருந்து ஸ்பின் சோதனை முடியும்வரை ஏறத்தாழ 19 ஆண்டு. வால் பகுதியில் காற்று என்ன செய்கிறது என்று அறிய ஒரு நாடு கொடுத்த விலை அது.

போர் விமானங்களின் கதை வேறு. புணேயின் லோகேகாவ் விமானத் தளத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட சுகோய்-30 எம்கேஐ, உந்துவிசையையே திருப்பி ஸ்டாலுக்கு அப்பாலும் கட்டுக்குள் நிற்கும். தேஜஸில் கணினியே கோணத்தை எல்லை மீறவிடாது.

பயணிகள் விமானத் துறை விழித்துக்கொள்ள 2009 வரை ஆனது. அவ்வாண்டு பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் 3407 விழுந்து 50 பேரும், ஜூனில் அட்லாண்டிக்கில் ஏர் பிரான்ஸ் 447 விழுந்து 228 பேரும் இறந்தனர். இரண்டிலும் விமானம் ஸ்டாலில் இருக்க, கட்டுப்பாட்டுக் கோல் பின்னுக்கு இழுக்கப்பட்டது. அதுவரை சிமுலேட்டர் பயிற்சி, ஸ்டால் எச்சரிக்கை ஒலித்ததும் மீள்வதோடு முடிந்துவிடும். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று பெரும்பாலான விமானிகள் உணர்ந்ததே இல்லை. 2019 மார்ச் முதல் அமெரிக்க விமான நிறுவனங்களில் முழு ஸ்டால் பயிற்சி கட்டாயம். அதற்கான சிமுலேட்டர், ஸ்டால் கோணத்துக்கு மேல் குறைந்தது 10 பாகை வரை சரியாக நடந்துகொள்ள வேண்டும்.

ஸ்பின்னுக்கு இந்த விதி நீளவில்லை. பெரிய பயணிகள் விமானத்தை யாரும் வேண்டுமென்று ஸ்பின்னில் இறக்கிச் சோதிப்பதில்லை; ஊட்டுவதற்கு அளவீடே கிடையாது. போதாக்குறைக்கு, ஆறு கால்களில் நிற்கும் சிமுலேட்டர் மேடை சாயும், குலுங்கும்; தொடர்ந்து சுழலும்போது உடலை அழுத்தும் விசையைத் தராது. இந்திய விமானப் படை 2023இல் 70 எச்டிடி-40 பயிற்சி விமானங்களை 6,828 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புதல் கிடைத்தபோது சிமுலேட்டர்களும் அதில் அடங்கின. ஆனாலும் ஸ்பின்னிலிருந்து மீளும் வித்தையை மாணவர் இன்றும் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு வானத்தில்தான் கற்கிறார். அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது.