சுகாதார அதிகாரி

சுகாதார அதிகாரி: ஒரு நகரத்திலோ மாவட்டத்திலோ நோய் பரவாமல் காப்பதைப் பணியாகக் கொண்ட மருத்துவர். தமிழ்நாட்டில் நகர்நல அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் என்றும், இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி என்றும் பதவிப்பெயர்கள் வழங்குகின்றன. பழைய தலைமுறையின் பேச்சில் அவர் ‘ஹெல்த் ஆபீசர்’. சிகிச்சை மருத்துவரிடம் நோயாளி வருவார். இவரைத் தேடி யாரும் வருவதில்லை. குடிநீர் மாதிரி, பிறப்பு இறப்புப் பதிவேடு, தடுப்பூசிக் கணக்கு, சட்டம் ஆகியவை இவருடைய கருவிகள். வேலை சரியாக நடந்தால் ஊரில் ஒன்றும் நடக்காது. இப்பதவிக்கு நிதியும் மதிப்பும் கிடைப்பது எக்காலத்திலும் கடினமாக இருந்ததற்கு அதுவே முதற்காரணம்.

பதவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. லிவர்பூல் நகரம் தனக்கென இயற்றிக்கொண்ட 1846ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1847இல் வில்லியம் ஹென்றி டங்கன் அந்நகரின் சுகாதார அதிகாரியானார். அதே ஆண்டில் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களிடையே டைபஸ் காய்ச்சல் பரவியது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று டங்கன் நம்பினார். கொள்கை தவறு. ஆனாலும் அதன்பேரில் நடந்த சாக்கடை வேலையும் நெரிசல் குறைப்பும் சரியாகவே பயன்பட்டன. 1848இல் லண்டன் மாநகரம் ஜான் சைமனை நியமித்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் எல்லா உள்ளாட்சிகளுக்கும் இப்பதவியைக் கட்டாயமாக்கியது.

இத்துறையின் தலைமகனாகப் போற்றப்படும் ஜான் ஸ்னோ சுகாதார அதிகாரியே அல்லர். மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா மரணங்களை வீடுவீடாக விசாரித்து, ஒரு குடிநீர்க் குழாயைச் சுட்டிக்காட்டினார். அதன் கைப்பிடியைக் கழற்றும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. பாரிஷ் நிர்வாகக் குழு கழற்றியது. சான்றைத் திரட்டுபவரும் உத்தரவு இடுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதுதான் இப்பதவியின் உட்கருத்து.

இந்தியாவில் இத்துறை படைமுகாமிலிருந்து தொடங்கியது. படைவீரர்களின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. ஆங்கிலேய வீரனின் உடல்நலமே முதல் கவலை. குடிமக்கள் பின்னால் வந்தார்கள். இந்திய அரசின் சுகாதார ஆணையராக 1868 முதல் 1884 வரை இருந்த கன்னிங்காம், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் என்பதையே ஏற்கவில்லை. பரவும் என்று ஒப்புக்கொண்டால் சூயஸ் வழியாகச் செல்லும் கப்பல்களைத் தனிமைப்படுத்த நேரும் என்பதே இதற்குப் பின்னிருந்த அச்சம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்த ஆண்டும் 1884தான்.

சென்னை மாகாணத்தின் கதை இதனின்று வேறுபட்டது. அதற்குப் பெரும் காரணம் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தின் 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவரும் அவரே. எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை பேர் அதிகமாகச் சாகிறார்கள் என்று சொல்ல முடியாது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் இந்த எண்ணறிவு அரசியலாயிற்று. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் இருந்தவர்களின் கூலியை 1877 தொடக்கத்தில் நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் என்ற அளவுக்குக் குறைத்தார். அதற்கு மேல் கிடைத்தது சில்லறைக் காசு. மண் சுமப்பவருக்கு இது போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று கார்னிஷ் சிறைச்சாலை உணவு அளவுகளையும் முகாம்களில் கண்ட மெலிவையும் ஆதாரமாக வைத்து எதிர்த்து எழுதினார். வாதத்தை அச்சிட்டும் வெளியிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் திரும்பவில்லை. என்றாலும், தன் அரசின் சிக்கனக் கொள்கையை ஒரு சுகாதார அதிகாரி கணக்கைக் கொண்டே எதிர்த்த இந்நிகழ்வு இத்துறையின் வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை.

அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர்களில் ஒருவரான டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் கிண்டி கிங் நிலையம் 1899இல் உருவாயிற்று. கன்றுகளிலிருந்து எடுத்த அம்மைப்பால் தயாரிப்பது அதன் தொடக்ககால வேலைகளுள் ஒன்று. பின்னர் நீர்ப் பரிசோதனையும் நோய்க்கிருமி ஆய்வும் சேர்ந்தன.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் பொதுச் சுகாதாரத்தை மாகாணங்களிடம் ஒப்படைத்தன. 1922இல் சென்னை மாகாணம் அதைச் சிகிச்சைத் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. முதல் இயக்குநர் ஏ. ஜே. எச். ரஸ்ஸல். மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். திருவிழாக்கள் அவர்களுடைய தேர்வுக்களங்கள்: கூட்டம் சேரும் ஊருக்கு முன்கூட்டியே சென்று கிணறுகளுக்குக் குளோரின் இடுவது, கழிப்பிடம் அமைப்பது, காலரா ஊசி போடுவது என்று வேலை நீண்டது.

இந்த நடைமுறைகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்றிருந்த டி. எஸ். எஸ். ராஜன் தாமே மருத்துவர். குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், உணவு, திருவிழா என ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனி இயல் உண்டு. அசுத்த நீர்நிலையை மூடவும், அறிவிக்கப்பட்ட தொற்றுநோயைத் தெரிவிக்குமாறு தனியார் மருத்துவரைக் கட்டாயப்படுத்தவும் அது வழிசெய்தது. 2020இல் முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாயும் பொது இடத்தில் துப்பியவருக்கு 500 ரூபாயும் அபராதம் விதித்தது இதே சட்டத்தைத் திருத்தித்தான்.

இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி 1946இல் தந்த அறிக்கை, தடுப்பும் சிகிச்சையும் ஒன்றிணைய வேண்டும் என்றது. எண்ணம் நல்லது. பல மாநிலங்கள் அதை இரு துறைகளின் இணைப்பாகச் செயல்படுத்தியபோது, வாசலில் நிற்கும் நோயாளியின் அவசரம் நாளைய நோயை எப்போதும் வென்றது. தமிழ்நாடு இணைக்கவில்லை. தனி இயக்ககம், தனி நிதி, பொதுச் சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ பெற்ற மருத்துவர்களின் தனி அணி என்ற ஏற்பாடு தொடர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அதன் பயன் தெரிந்தது. பிற மாவட்டங்களின் சுகாதார ஆய்வாளர்களும் மருத்துவர்களும் கடலோரத்துக்குத் திரட்டப்பட்டு, முகாம்களில் குளோரின் கலப்பும் தடுப்பூசியும் நடந்தன. கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை தலைகாட்டியதே தவிர, பலரும் அஞ்சிய காலரா போன்ற பெருங்கொள்ளைநோய் எதுவும் மூளவில்லை.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப சுகாதார உத்தியோகத்தர் என்ற மூவகைப் பணியாளர் அமைப்பு அதிலிருந்து தீவெங்கும் பரவியது. 1934இல் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது மலேரியா வெடித்து, சுமார் 80,000 பேரைக் கொன்றது. அதன்பின் டி.டி.டி. தெளிப்பும் கண்காணிப்பும் சேர்ந்து, 1963இல் நாடெங்கும் 17 நோயாளிகள் மட்டுமே என்ற நிலை வந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. மலேரியா அற்ற நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனச் சான்று கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய சுகாதார அதிகாரியின் பெருஞ்சுமை தொற்றாத நோய்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே பரிசோதனை செய்து மாத்திரை தருகிறது. கிணற்றை மூடியோ கடைக்கு அபராதம் போட்டோ இந்நோய்களை நிறுத்த முடியாது. உப்பு, சர்க்கரை, புகையிலை விற்பனை, நடக்க இடமில்லாத தெரு ஆகியவை பெரும்பாலும் பிற துறைகளின் அதிகாரத்தில் உள்ளன. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இல்லை. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரின் கணக்கு இவருடைய பதிவேட்டுக்குத் தானாக வந்து சேர்வதில்லை.