புள்ளியில் தொடங்கும் சாளரம்: டிகே பெயர்முறையின் வேர்

1998 மார்ச்சில் ‘ஐஇஇஇ கம்ப்யூட்டர்’ இதழில் ஜான் ஆஸ்டர்ஹவுட் ஸ்கிரிப்ட் மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திரை இடைமுகம் அமைப்பது என்பது அடிப்படையில் ஒட்டுவேலை, அதற்குத் தரவுவகைக் கட்டுப்பாடு இல்லாத மொழியே ஏற்றது என்பது அவர் வாதம். சான்றாக ஒரு பொத்தானைக் காட்டினார். எழுத்துரு, செயல் எல்லாம் சேர்த்து, அவர் உருவாக்கிய டிசிஎல் மொழியில், அதன் இடைமுக நூலகமான டிகேயோடு, அது ஒரே வரி. ஜாவாவில் 7 வரி. மைக்ரோசாஃப்ட்டின் சி++ நூலகத்தில் ஏறக்குறைய 25 வரி. டிகேயை உருவாக்கியவரே சொல்லும் காரணம் என்பதால் பிறகு எழுதியவர்களில் பலர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வரிக்கணக்கை நானும் ஏற்கிறேன். காரணத்தை ஏற்க முடியவில்லை.

அந்த ஒற்றை வரியில் எதெல்லாம் மிச்சமாகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். எழுத்துருவை இரண்டு சொல்லில் சொல்லிவிட முடிவது சரங்களின் தயவுதான். அதில் ஆஸ்டர்ஹவுட் சொல்வது சரி. ஆனால் சொல்லாமல் விட்ட பண்புகளுக்கெல்லாம் இயல்மதிப்பு கிடைப்பது நூலகத்தின் வடிவமைப்பு. பொத்தான் எந்தச் சட்டகத்துக்குள் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டாம். அதன் பெயரே சொல்லிவிடுகிறது. இவை இரண்டுக்கும் தரவுவகைத் தளர்வு எதற்கு? எண்ணையும் சரத்தையும் கூட்ட மறுக்கும் பைதானிலும், டிகேயை அதற்குள் கொண்டுவரும் டிகின்டர் நூலகத்தில், பொத்தான் ஓரிரு வரிதான்.

டிகின்டருக்குள் டிசிஎல்தானே ஓடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் நிக் இங்-சிம்மன்ஸின் பெர்ல்/டிகேயை இன்னும் வலுவான சாட்சியாகக் கொள்கிறேன். அவர் டிகேயின் சி நிரலை டிசிஎல்லிலிருந்து பிரித்தெடுத்தார்; அதன் பிறகும் பொத்தான் சுருக்கமாகவே இருந்தது. ஆனால் பெர்லும் தளர்வான மொழிதான் என்பதால் வழக்கு அங்கே முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

பெயர்முறைக்கு வருவோம். டிகேயில் வேர்ச்சாளரம் வெறும் புள்ளி. அதற்குள் உள்ளவை ‘.சட்டகம்.பொத்தான்’ என்ற பாங்கில் நீளும். இதை யூனிக்ஸ் கோப்புப் பாதைக்கு ஒப்பிடுவது வழக்கம். கிளைப்பதை அந்த ஒப்புமை விளக்கும். ஆனால் டிகேயில் சாளரப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கக்கூடாது. கோப்புக்கு அப்படி ஒரு தடை கிடையாது. தடைக்குக் காரணம் டிகேயின் சி மூலநிரலிலேயே, சாளரத்துக்குப் பெயரிடும் இடத்தில், சிறு குறிப்பாக இருக்கிறது: பெரிய எழுத்தை அனுமதித்தால் சாளரப் பண்புகளின் இயல்மதிப்புகளை வைத்திருக்கும் பண்புத் தரவுத்தளத்தில் உள்ள வகுப்புப் பெயர்களோடு குழப்பம் வரும். அந்தத் தரவுத்தளம் யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர முறையின் வளக்கோப்பிலிருந்து வந்தது. புள்ளியால் பிரிப்பதும், வகுப்புக்குப் பெரிய எழுத்து, தனிப்பொருளுக்குச் சிறிய எழுத்து என்பதும் அங்கே நிலைத்த வழக்கம். ஆக, வரியைச் சுருக்கிய பெயர்முறை ஒட்டுமொழிக் கொள்கையில் பிறந்ததல்ல. எக்ஸிடமிருந்து வந்த சொத்து.

எக்ஸின் இந்த வழக்கம் டிகேக்கு வந்த காலத்தை ஓராண்டுக்குள் அடக்க நான் முயலவில்லை. டிகே வேலை 1988 இறுதியில் தொடங்கியது. யூஸ்னிக்ஸ் கட்டுரை வெளிவந்தது 1991இல். இடைப்பட்ட காலம் முழுவதும் அது உருவாகிக்கொண்டிருந்த வேலையாகவே இருந்தது.

இதே பெயர்முறையின் இன்னொரு வடிவம் டிகின்டரில் இருக்கிறது. பைதான் 3.5 வரை, பெயரிடாத பொத்தானுக்கு டிகின்டர் ஒரு நீண்ட அடையாள எண்ணையே பெயராக வைத்தது. 3.6இலிருந்து ‘.!ஃபிரேம்.!பட்டன்2’ என்ற வடிவம். ஆச்சரியக்குறி, நிரலர் தாமே இடும் பெயரோடு மோதாமல் காக்கிறது. வகுப்புப் பெயரைச் சிறிய எழுத்தாக்கிய பிறகே அதைச் சேர்க்கிறார்கள். முன்னால் குறி நிற்கும்போது பெரிய எழுத்து இருந்தாலும் டிகே மறுக்காது. பிறகு ஏன் சிறிதாக்க வேண்டும்? பழைய தடையின் நிழல் அது என்கிறேன். வெறும் எழுத்துப் பழக்கம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை.

1996இல் டிகே 4.1 விண்டோஸுக்கும் மேக்குக்கும் போனபோது தடையும் கூடவே போனது. எக்ஸ் இல்லாத விண்டோஸ் கணினியில் பைதானிலிருந்து ஒரு சட்டகத்துக்குப் பெரிய எழுத்தில் தொடங்கி ‘மெயின்’ என்று பெயரிட்டுப் பாருங்கள். சாளரப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது என்று பிழை சொல்லி டிகே திருப்பி அனுப்பும்.