எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

1887 ஜூன் 27ஆம் தேதி சிங்கப்பூரில் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா கொண்டாடினார்கள். அன்று பாடாங் திடலில் ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதே நாளில், அதே பொன்விழாவை முன்னிட்டு, ‘சிங்கைநேசன்’ என்ற தமிழ் வார இதழும் பிறந்தது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு, நம் சமூகத்தவர். சிலை ஆட்சியாளர்கள் வைத்தது, பத்திரிகை நம்மவர் நடத்தியது. மூன்றே ஆண்டுகளில், 1890இல், பத்திரிகை நின்றுவிட்டது. ஆனாலும் இன்று நம் கையில் கிடைக்கும் சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் மிகப் பழையது அதுதான். யாரோ சிலர் அந்தத் தாள்களைக் கிழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பெரியவரின் பெயர் நமக்குத் தெரிகிறது.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதும்படி பெரியவர்கள் சொன்னபோது, நாடு தன் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடியது, அந்தக் கணக்கில் நாம் எங்கே வந்தோம் என்று பார்ப்போம் என்று இளைய உறுப்பினர்களான நாங்கள் முடிவு செய்தோம். எங்களில் பலர் கடைக்காரர்கள். எந்தத் தேதியிலிருந்து எழுதத் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பாக்கி தெரியும் என்பது எங்களுக்குப் பழகிய சங்கதி. நாட்டு விழாக்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

2015இல் நாடு சுதந்திரம் பெற்று 50 ஆண்டு. ‘எஸ்ஜி 50’ என்ற அந்தச் சிவப்பு வட்டம் பேருந்து முதல் தின்பண்டப் பொட்டலம் வரை எங்கும் இருந்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதியும் விடுமுறையானதால் நான்கு நாள் தொடர்ந்து விடுப்பு. நினைவுக்காக வெளியிட்ட 10 வெள்ளி, 50 வெள்ளித் தாள்களை வாங்கியவர்கள் பத்திரப்படுத்திவிட்டார்கள். கல்லாவுக்கு வந்தது அபூர்வம். இவையெல்லாம் பந்தல் பிரித்ததும் போய்விடும் கொண்டாட்டங்கள். நின்றவை வேறு. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் அந்த ஆண்டு மே மாதம் திறந்தது. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து தேசியக் கலைக்கூடமாகி நவம்பரில் திறந்தன. தேசிய நூலக வாரியம் ‘சிங்கப்பூர் நினைவுத் திட்டம்’ என்ற பெயரில் பொதுமக்களின் நினைவுகளைத் திரட்டிக்கொண்டிருந்தது.

தமிழர்களைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் பெரிய வேலை தமிழ் மின்மரபுடைமைத் திட்டம். 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிப்பிடித்து, எழுதியவர்களிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெற்று, 350க்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவில் நாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். முன்கை எடுத்தவர்கள் தமிழ்த் தொண்டர்கள். தேசிய நூலக வாரியம், தேசிய மரபுடைமைக் கழகம், தேசியக் கலைகள் மன்றம் ஆகியவை துணை நின்றன. பிறகு நாடகம், இசை, நடனம் என்று அந்த வேலை வளர்ந்தது. அரசும் சமூகமும் சேர்ந்து செய்த விழா வேலைகளில் இதைத்தான் நாங்கள் முதலில் வைப்போம். மேடையில் ஒருநாள் ஆடிய ஆட்டத்தைவிட, ஒரு விதவைத் தாயின் அலமாரியில் கிடந்த கவிதைப் புத்தகத்தை எல்லாரும் படிக்கும்படி ஆக்கியது எவ்வளவோ மேல்.

ஆனால் கணக்கு 1965இல் தொடங்குகிறது. சுதந்திரத்தின் பொன்விழா என்பதால் அது நியாயமே. அதனால் நம்மவர்களின் பழைய எழுத்து அந்தத் தொகுப்புக்கு வெளியே நிற்கிறது. 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இங்கே அச்சிட்ட ‘முனாஜாத்துத் திரட்டு’ அதில் வராது. ‘சிங்கைநேசன்’ வராது. அவற்றை நூலகத்தில் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும்.

நான்கு ஆண்டு கழித்து, 2019இல், ராஃபிள்ஸ் வந்து இருநூறு ஆண்டு. இந்த முறை தொடக்க ஆண்டே ஒரு விவாதமாகிவிட்டது. வெள்ளைக்காரர் கரையிறங்கிய நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். ஏற்பாட்டாளர்களும் ‘கொண்டாட்டம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘நினைவுகூர்தல்’ என்றார்கள். சொல் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு செய்ததைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. அந்த ஜனவரியில் ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸ் சிலைமீது, பின்னால் தெரியும் கட்டடத்தின் நிறத்தை உள்ளூர்க் கலைஞர் ஒருவரைக் கொண்டு பூசினார்கள். குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் சிலை மறைந்தேபோகும். ஓரிரு நாளில் பக்கத்தில் நான்கு சிலைகள் வந்து நின்றன: சாங் நீல உத்தமா, டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா. சில நாள்களே நின்றாலும், குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

முன்ஷி அப்துல்லாவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாய் உரைநடையின் முன்னோடி என்று பள்ளிப் பாடத்தில் வருபவர். அவருடைய பூட்டனார் யமன் நாட்டு அரபி. நாகூர் வந்து, அங்கே பெண் எடுத்துக் குடும்பமானவர். மலாக்காவில் வளர்ந்த அப்துல்லாவை அவருடைய தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். வியாபாரிகளின் பிள்ளைகள் தமிழில் கணக்குவழக்குப் படிப்பது அன்று அங்கே வழக்கம். அதை அவரே தம் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் 1849இல் சிங்கப்பூரில் அச்சானது. 2019இல் நாணய ஆணையம் வெளியிட்ட 20 வெள்ளி நினைவுத் தாளின் பின்பக்கம் இருக்கும் எட்டுப் பேரில் அவரும் ஒருவர், பி. கோவிந்தசாமிப் பிள்ளையும் ஒருவர். அந்தத் தாள் கையில் வந்தபோது, அதில் நாகூரின் சாயலும் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஃபோர்ட் கேனிங் மலையில் நடந்த இருநூற்றாண்டுக் காட்சி, கதையை 1299இலிருந்தே தொடங்கி எழுநூறு ஆண்டாகச் சொன்னது. இந்திய மரபுடைமை நிலையமும் சோழமண்டலக் கரையிலிருந்து நீரிணைக் குடியேற்றங்கள்வரை தமிழர் வந்த வழியை அந்த ஆண்டு கண்காட்சியாக வைத்தது. ஆண்டைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள நம் பக்கம் நிறைகிறது. 1822இல் வரைந்த நகரத் திட்டத்தில் ஆற்றோரம் ‘சூலியா கம்போங்’ என்று குறித்திருக்கிறார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் பெரிய பள்ளி. தெலுக் ஆயரில் 1827இல் கீற்றுக் குடிசையாகத் தொடங்கிய குச்சுப் பள்ளி, அதாவது அல்-அப்ரார். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா. அப்போது வாசலுக்கு எதிரே கடல். இந்த மூன்றையும் 1974 நவம்பர் 19ஆம் தேதி ஒரே நாளில் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தார்கள். தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக மறுபடி திறந்தது.

கட்டடங்களுக்குக் குறை இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. மனிதர்கள்தான் குறைவு. தர்காவைக் கட்டியவர்கள் ‘சூலியாக்கள்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. கொத்தனார் யார், கல் சுமந்தவர் யார், மாலையில் விளக்கு வைத்தவர் யார்? அரசு அமைப்புகளை இதற்குக் குறை சொல்வது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். கண்காட்சி வைப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: பொருள் இருக்கிறதா, தாள் இருக்கிறதா, சொல்லக்கூடிய ஆள் இருக்கிறாரா? வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் தமிழிலும் பேட்டி எடுத்து வைத்திருக்கிறது. பேசியவர்களின் குரல் இருக்கிறது. பேசாமல் போனவர்கள் குரலுக்கு எங்கே போவது?

இந்த மலருக்காக உறுப்பினர் வீடுகளிலிருந்து படங்கள் கேட்டோம். அல்ஹம்துலில்லாஹ், நிறைய வந்தன. மீலாது விழா, பயணம் அனுப்பும் விருந்து, பழைய கடைவீட்டு மாடியில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படம். பல படங்களின் பின்னால் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேரை ஒரு மூத்த பாட்டியார் அடையாளம் சொன்னார். மீதி ஆறு பேரை அடையாளம் சொல்ல இதுவரை ஆள் கிடைக்கவில்லை. படத்தை இந்த மலரில் அப்படியே வெளியிட்டிருக்கிறோம். யாருக்காவது முகம் தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரிய பள்ளிக்கு 2026இல் 200 ஆண்டு, குச்சுப் பள்ளிக்கு 2027இல். தர்கா கட்டி முடித்து 2030இல் 200 ஆகிறது. அப்போது கண்காட்சியும் புத்தகமும் வரும், சங்கங்களிடம் கேட்பார்கள். ஆகவே சங்க அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் மஃரிபுக்குப் பிறகு எங்களில் இருவர் இருப்போம். படம், கடிதம், கடை பில் புத்தகம், பழைய கடவுச்சீட்டு, திருமண அழைப்பிதழ், எதுவானாலும் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு உங்கள் பொருளை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். வீட்டில் வயதான அத்தாவோ நன்னியோ இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். தேநீர் உண்டு.