சக்கரம் பெரிதானால் வேகம் கூடுமா?

"பெரிய சக்கரம் வைத்த சைக்கிள்தான் வேகமாகப் போகும்." தினமும் ஓட்டிப் போக சைக்கிள் வாங்கலாம் என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். ஒரு காலத்தில் இது முழு உண்மை! எப்படி என்று பார்ப்போமா?

1870களில் இங்கிலாந்தில் ஓடிய 'பென்னி ஃபார்த்திங்' சைக்கிளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் நெஞ்சு உயரம், பின்சக்கரம் குட்டி. அதற்குச் செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான். 52 அங்குலச் சக்கரம் என்றால் சுமார் 4 மீட்டர் போகலாம். இன்னும் தூரம் போக வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் கால் எட்ட வேண்டுமே! அதனால் அவரவர் கால் நீளத்துக்கு ஏற்றபடிதான் சக்கரம் வாங்கினார்கள். வழியில் கல் தடுக்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

1885ல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். பெடல் நடுவில் வந்தது, செயின் பின்சக்கரத்தைச் சுற்றியது. முன்னால் 36 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் இரண்டு முறை சுற்றும். அதாவது 26 அங்குலச் சக்கரமே அந்த 52 அங்குலச் சக்கரத்தின் வேலையைச் செய்துவிடும்!

சரி, குலுக்கல்? சின்னச் சக்கரம் பள்ளத்தில் அதிகம் இறங்கும். 1888ல் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்து அதையும் குறைத்தார்.

1962ல் அலெக்ஸ் மோல்டன் ஒரு படி மேலே போனார். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர் இவர். 16 அங்குலச் சக்கரத்தில் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்னால் 52 பல், பின்னால் 16 பல் போட்டால் 16 அங்குலச் சக்கரத்திலும் அதே 52 அங்குலக் கணக்கு வந்துவிடும். போட்டுப் பாருங்கள்!

ஆக, வேகத்தைப் பல்சக்கரம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது நம் பாதையை. குண்டும் குழியுமான ரோடு என்றால் 26 அல்லது 28 அங்குலம், கொஞ்சம் தடித்த டயரோடு. மாடிப்படி ஏற்ற வேண்டும், ரயிலில் கொண்டு போக வேண்டும் என்றால் 16 அல்லது 20 அங்குல மடக்கு சைக்கிள்.

உங்கள் பாதை எப்படி நண்பர்களே?