இமை விளிம்பின் எண்ணெய்: டேவிட் சல்லிவனும் உலர் கண் நோயின் ஹார்மோன் வரலாறும்

உலர் கண் நோய் பெண்களை ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது என்ற கேள்வி புதிதல்ல. ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வேட்டில் இடம்பெற்ற நோயாளிகள் 19 பேர். அத்தனை பேரும் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றுபோன வயதினர். இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்த நோய்க்கூட்டில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையுமே தாக்குகிறது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

இதைப் பார்த்த எவருக்கும் தோன்றக்கூடிய விளக்கம் ஒன்றுதான். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதனால் கண்ணீரும் குறைகிறது. கேட்கப் பொருத்தமாக இருந்ததால் இந்த விளக்கம் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. இதை அசைத்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர் பாஸ்டன் நகரின் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஏ. சல்லிவன். நோயின் ஹார்மோன் வேர் ஈஸ்ட்ரோஜனைவிட, டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஆண் ஹார்மோன் வகையான ஆண்ட்ரோஜனில்தான் அதிகம் என்றும், தேட வேண்டிய இடம் கண்ணீர்ச் சுரப்பியைவிட இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பி என்றும் காட்டியதே அவர் ஆய்வின் சாரம். இந்த இரண்டு திருப்பங்களில் இரண்டாவது, அவருடைய கருதுகோளின் ஒரு பாதி அவருடைய ஆய்வகத்திலேயே தோற்றதற்குப் பிறகு வலுப்பெற்றது. அந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சல்லிவனின் தொடக்கம் கண்ணில் இல்லை, கருப்பையில். டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் சார்லஸ் வைராவுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகள், எலியின் கருப்பைச் சுரப்பில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களை ஈஸ்ட்ரோஜன் எப்படிக் கூட்டுகிறது என்பதைப் பற்றியவை. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் திசுவிலிருந்து சளிப்படலத்தின் மேற்பரப்புக்கு வர ஒரு கடத்துப் புரதம் வேண்டும்; அதன் ஒரு பகுதிக்குச் சுரப்புக் கூறு என்று பெயர். கருப்பையில் இதன் அளவை ஆள்வது பாலின ஹார்மோன் என்றால், கண்ணிலும் அப்படித்தானா?

பாஸ்டனில் கர்ட் பிளாக், மாத்தியா ஆலன்ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை 1984இல் வெளிவந்தது. ஆண் எலியின் கண்ணீரில் சுரப்புக் கூறு பெண் எலியின் கண்ணீரில் இருப்பதைவிட அதிகம். விரையை அகற்றினால் அளவு இறங்கியது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஏறியது. கருப்பையில் ஆட்சி செய்த ஈஸ்ட்ரோஜனுக்குக் கண்ணீரில் அந்த அதிகாரம் இல்லை. ஒரே உடலில், ஒரே வேலையைச் செய்யும் ஒரே புரதத்தை, இடத்துக்கு இடம் வேறு ஹார்மோன் ஆள்கிறது. ஒரு புரதத்தின் அளவைப் பற்றிய சிறு கட்டுரைதான் அது. ஆனால் சல்லிவனின் பிற்காலப் பணி முழுவதும் அதிலிருந்து கிளைத்ததே.

அடுத்த அடி ஷோக்ரன் நோயை நோக்கி இருந்தது. அந்நோயை ஒத்த நிலை தானாகவே உருவாகும் எம்ஆர்எல் வகைப் பெண் சுண்டெலிகளுக்கு, நோய் தொடங்கிய பிறகு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். கண்ணீர்ச் சுரப்பிக்குள் குவிந்திருந்த நிணநீர் அணுக்களின் கூட்டம் வெகுவாகக் கரைந்தது. 1989இல் வெளிவந்த இந்த முடிவு பெரிய நம்பிக்கையை எழுப்பியது. ஆண்ட்ரோஜன் சுரப்பியைக் காக்கிறது என்றால், ஆண்ட்ரோஜன் குறைவே சுரப்பியைக் கெடுக்கிறது என்று நினைப்பது இயல்பு. பெண்ணுடலிலும் சூலகமும் அட்ரீனல் சுரப்பியும் ஆண்ட்ரோஜனைத் தருகின்றன, வயது ஏற ஏற அது குறைகிறது என்பதால் பெண்களின் கண் வறட்சிக்கும் இதுவே விடை என்று தோன்றியது.

தோன்றியதை அப்படியே விட்டுவிடாமல் சோதித்ததுதான் சல்லிவனின் சிறப்பு. ஆண்ட்ரோஜன் குறைவு தன்னளவில் கண்ணீர்ச் சுரப்பியில் அழற்சியையும் நீர்க்குறைவையும் உண்டாக்குமா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு 1999இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னெதிர்ப்பு நோய் இல்லாத விலங்குகளிலும், ஆண்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து உட்கொள்ளும் மனிதரிலும் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன விடை: இல்லை. வேறொரு ஆய்வாளர் இதைச் சொல்லியிருந்தால் மறுப்பு என்று எடுத்திருக்கலாம். சொன்னவர் ஆண்ட்ரோஜன் கருத்தின் தலையாய ஆதரவாளர். எனினும் ஆண்ட்ரோஜன் குறைந்தவர்களுக்குக் கண் உறுத்தத்தான் செய்தது. நீர் குறையவில்லை என்றால் குறைந்தது எது?

இங்கே கண்ணீரின் கட்டமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். விழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் நீரும் சளிப் பொருளும் கலந்த பகுதிக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் போர்வை ஒன்று உண்டு. அது இல்லையென்றால் நீர் விரைந்து ஆவியாகிவிடும். அந்த எண்ணெயைத் தருவது, ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666இல் விவரித்த மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையிலும் கீழ் இமையிலும் இருபது, முப்பது என்ற கணக்கில் செங்குத்தாக நிற்கும் இவற்றின் வாய்கள் இமை விளிம்பில், இமைமயிர் வரிசைக்குப் பின்னால் திறக்கின்றன. மருத்துவர் இமையை விரலால் மெல்ல அழுத்தினால் நலமான கண்ணில் தெளிந்த எண்ணெய் துளிர்க்கும். சுரப்பி கெட்டிருந்தால் பற்பசை போலக் கெட்டியாகப் பிதுங்கும். சில வேளை ஒன்றுமே வராது.

இத்தனை பழைய உறுப்பு இத்தனை காலம் ஓரங்கட்டப்பட்டதற்குக் கருவிகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1903இல் ஓட்டோ ஷிர்மர் அறிமுகப்படுத்திய காகிதப் பட்டைச் சோதனைதான் உலகெங்கும் கண் வறட்சியின் அளவுகோலாக இருந்தது. கீழ் இமையில் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். காகிதம் நீரை அளக்கும். எண்ணெயின் தரத்தைச் சொல்லாது. அளக்கக் கிடைத்ததே நோயின் வரையறையாகவும் ஆகிவிட்டது.

மெய்போமியன் சுரப்பி அடிப்படையில் ஒரு பெரிய எண்ணெய்ச் சுரப்பி. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்டவை என்பது தோல் மருத்துவம் வெகுநாளாக அறிந்த செய்தி. பருவ வயதில் முகப்பரு வருவது அதனால்தான். அப்படியானால் இமையில் இருப்பது மட்டும் விலக்காகுமா? சல்லிவன் குழு படிப்படியாகச் சான்று சேர்த்தது. சுரப்பி அணுக்களின் கருவுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி இருந்தது. டெஸ்டோஸ்டிரோனை வீரியம் கூடிய வடிவத்துக்கு மாற்றும் நொதிக்கான மரபணுச் செய்தியும் இருந்தது. சுண்டெலியின் மெய்போமியன் சுரப்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயற்பாட்டை ஆண்ட்ரோஜன் மாற்றுவது 2005இல் தெரியவந்தது. அவற்றில் பல கொழுப்பு உருவாக்கத்தோடு தொடர்புடையவை.

விலங்குச் சான்றுகளைவிட அழுத்தமானவை இரண்டு மனித ஆய்வுகள். முதலாவது 2000இல் வந்தது. புரோஸ்டேட் நோய்க்காக ஆண்ட்ரோஜன் எதிர்ப்புச் சிகிச்சை பெறும் ஆண்களை, அதே வயதுள்ள, சிகிச்சை பெறாத ஆண்களோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் இமை விளிம்பு ஒழுங்கிழந்திருந்தது, எண்ணெயின் தரம் கெட்டிருந்தது, அதன் கொழுப்புச் சேர்க்கையே மாறியிருந்தது, கண்ணீர்ப் படலம் நிலைகொள்ளாமல் உடைந்தது. இரண்டாவது, முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை கொண்ட பெண்களைப் பற்றியது. இவர்களின் குரோமோசோம் எக்ஸ்ஒய்; உடலில் ஆண்ட்ரோஜன் உண்டு, ஏற்பி வேலை செய்யாததால் திசுக்களால் அதை உணர முடிவதில்லை. இவர்களிடமும் மெய்போமியன் சுரப்பு மாறியிருந்தது, கண் வறட்சித் தொல்லையும் கூடியிருந்தது. மருந்தால் ஹார்மோன் தடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், பிறவியிலேயே அதை உணர முடியாதவர்கள் இன்னொரு பக்கம். இருவரின் இமையும் ஒரே கதையைச் சொன்னது. இயற்கை அமைத்துத் தந்த இப்படிப்பட்ட சோதனையைத் தேடிப் போய்க் கண்டுகொள்வதில் ஒரு ஆய்வாளரின் மதிநுட்பம் தெரிகிறது.

ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் காரணம் என்ற பழைய விளக்கத்துக்குக் கடினமான அடி 2001இல் விழுந்தது. டெப்ரா ஷாம்பெர்க் முதலாசிரியராகவும் சல்லிவன் இணையாசிரியர்களில் ஒருவராகவும் இருந்த அந்த ஆய்வு, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 25,665 பெண்களின் தரவுகளை அலசியது. குறைந்த ஈஸ்ட்ரோஜனை மாத்திரையால் ஈடுகட்டினால் கண் வறட்சி குறைய வேண்டும். நேர்மாறாக, ஹார்மோன் எடுக்காதவர்களோடு ஒப்பிடுகையில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 1.69 ஆக இருந்தது. புரோஜெஸ்டிரோன் வகையும் சேர்த்து எடுத்தவர்களிடம் 1.29. மூன்றாண்டு கூடுதலாக எடுத்தால் வாய்ப்பு 15 சதவீதம் ஏறியது. இது கேள்வித்தாள் வழித் தரவு. தொடர்பைக் காட்டுமே தவிர, மாத்திரைதான் காரணம் என்று நிறுவாது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கண் நனையும் என்ற எளிய கணக்கை அதற்குப் பிறகு கூசாமல் சொல்ல முடியவில்லை.

மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஷோக்ரன் நோயுள்ள பெண்களிடம் ஆண்ட்ரோஜன் குறைவாக இருப்பதை சல்லிவன் குழு 2003இல் காட்டியது. அப்படியானால் குறையை நிரப்பினால் போதுமா? உடல் ஆண்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும் டிஎச்இஏ என்ற மூலப்பொருளை 28 நோயாளிகளிடம் 24 வாரம் சோதித்த ஒரு முன்னோட்ட ஆய்வு 2004இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. சுண்டெலியில் கரைந்த அழற்சி மனிதரிடம் அவ்வளவு எளிதாகக் கரைந்துவிடவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே சல்லிவன் செய்த வேலை சிலரால் அவரது முதன்மைப் பங்களிப்பாகவே மதிக்கப்படுகிறது. கண்ணீர்ச் சுரப்பி, கண்ணீர்ப் படலம், உலர் கண் ஆகியவற்றுக்கான முதல் பன்னாட்டு மாநாட்டை 1992இல் பெர்முடாவில் கூட்டியவர் அவர். சுரப்பியின் உடலியலாளரும் விழி மருத்துவரும் நோயெதிர்ப்பியலாளரும் ஒரே அறையில் உட்கார அது வழி செய்தது. 2000இல் அவர் தொடங்கிய கண்ணீர்ப் படலம் மற்றும் விழி மேற்பரப்புச் சங்கத்தின் பெயரில் 2007, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பணியரங்க அறிக்கைகள் உலகெங்கும் மருத்துவர்களின் கையேடுகள் ஆயின. 2011ஆம் ஆண்டு அறிக்கை, மெய்போமியன் சுரப்பிக் கோளாறே உலகில் உலர் கண் நோயின் முதற் காரணமாக இருக்கக்கூடும் என்றது. மறு ஆண்டே வேறொரு ஆய்வு அதற்கு எண் கொடுத்தது. வகைப்படுத்தப்பட்ட 159 நோயாளிகளில் நீர்க்குறைவு மட்டும் உள்ளவர் 23 பேர். எண்ணெய்க் கோளாறு மட்டும் உள்ளவர் 79 பேர். இரண்டும் கலந்தவர் 57 பேர்.

2010இல் சல்லிவன் குழு மனித மெய்போமியன் அணுக்களை அழிவின்றி ஆய்வகத்தில் வளரும் வரிசையாக்கியது. அதுவரை இச்சுரப்பியில் எந்த மருந்தையும் நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழி அரிது. இமை அழற்சிக்குத் தரப்படும் அசித்ரோமைசின், கிருமியைக் கொல்வதோடு அந்த அணுக்களின் கொழுப்பு உற்பத்தியையும் தூண்டுகிறது என்பது இந்த வரிசையால்தான் தெரிந்தது.

2017 அறிக்கையின் பாலினம், ஹார்மோன் பற்றிய பகுதிக்குத் தலைமை ஏற்றவரும் சல்லிவனே. ஆண்ட்ரோஜனின் பங்கு அதில் உறுதியாகச் சொல்லப்பட்டது. ஈஸ்ட்ரோஜனின் பங்கு இன்னும் தெளிவாகவில்லை என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. சிகிச்சையில் நிலை வேறு. உலர் கண்ணுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் ஒப்புதல் தந்த சைக்ளோஸ்போரினும் 2016இல் தந்த லிஃபிடெகிராஸ்ட்டும் அழற்சியைக் குறிவைப்பவை. 2023இல் வந்த பெர்ஃப்ளூரோஹெக்ஸைல்ஆக்டேன் சொட்டு மருந்து, எண்ணெய்ப் போர்வை செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்து கண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது. ஆண்ட்ரோஜன் சொட்டு மருந்து எதுவும் இந்த வரிசையில் இல்லை. நோயின் இருப்பிடத்தைக் காட்டியதில் சல்லிவனின் வெற்றி முழுமையானது. ஹார்மோனையே மருந்தாக்குவதில் அது கைகூடவில்லை.

இந்த வரலாற்றில் நோயாளிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களும், புரோஸ்டேட்டுக்கு ஆண்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து எடுப்பவர்களும் கண் எரிச்சல், உறுத்தல் என்று மருத்துவரிடம் போகும்போது அந்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போக வேண்டும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது.